ஆட்டோகிராப் நோட்டில் கவிதையை விடுங்கள், முகவரியைப் படியுங்கள்

கேள்வி: 1996-இல் நெல்லைப் பக்கத்தில் ப்ளஸ் டூ முடித்தேன். அம்மா வீட்டைப் பிரித்துக் கட்டும்போது பரணிலிருந்து என் ஆட்டோகிராப் நோட்டு கிடைத்தது. 41 பேர் எழுதியிருக்கிறார்கள். அதில் ஆறு பேர் "உயிர் உள்ளவரை உன்னை மறக்க மாட்டேன்" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஆறு பேரில் ஒருத்திகூட இன்று தொடர்பில் இல்லை. நானும் தேடவில்லை. அப்படியானால் அந்த நட்பெல்லாம் வெறும் எழுத்துதானா? இத்தனை வருடம் கழித்துத் தேடிப் போனால் நன்றாக இருக்குமா?

பதில்:

திருநெல்வேலிப் பக்கத்தில் 33 வருடம் தமிழாசிரியையாக இருந்து 2023-இல் ஓய்வு பெற்றவள் நான். ஒவ்வொரு பிப்ரவரியிலும் செய்முறைத் தேர்வு முடிந்த மறுநாளே வகுப்பில் இந்த நோட்டுகள் சுற்ற ஆரம்பித்துவிடும். பாடம் நடக்கும்போது பெஞ்சுக்கு அடியில் கைமாறும். பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு மணி அடித்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கொடுக்கும்போது, "டீச்சர், நீங்களும் எழுதுங்க டீச்சர்" என்பார்கள். ஆயிரம் நோட்டிலாவது நான் எழுதியிருப்பேன். அதனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் அந்த நோட்டையே கையில் வாங்கிப் பார்த்த மாதிரி இருந்தது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த "உயிர் உள்ளவரை" விஷயம். அந்த வரியை உங்கள் தோழிகள் யோசித்து எழுதவில்லை, அது உண்மை. அக்காவின் நோட்டிலிருந்தோ, பக்கத்து வீட்டு அண்ணனின் டைரியிலிருந்தோ பார்த்து எழுதியது. ஒரு பெண்ணுக்கு ஒரே இரவில் ஐந்து நோட்டு வந்து சேரும். காலையில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், நடுவில் இயற்பியல் திருப்புதல் தேர்வு வேறு இருக்கும். ஐந்து பேருக்கும் ஐந்து விதமாக எழுத பதினேழு வயசில் யாரிடம் சொல் இருக்கிறது? நிலவு, ரோஜா, கடல் அலை, பேனா மை என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொள்வார்கள். தமிழ்ப் பாடத்தில் கெட்டிக்காரியாக இருந்தால் நட்பு அதிகாரத்திலிருந்து ஒரு குறள் வரும்.

கடன் வாங்கி எழுதினால் பொய் என்று ஆகிவிடாது. இந்த வழக்கம் நமக்கு மட்டும் உரியதும் இல்லை. 16-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஜெர்மனியின் விட்டன்பர்க் பல்கலைக்கழக மாணவர்கள், ஊரைவிட்டுக் கிளம்புமுன் ஆசிரியர்களிடமும் நண்பர்களிடமும் சின்ன நோட்டுகளில் எழுதி வாங்கினார்கள். அவற்றில் பெரும்பாலும் இருப்பது என்ன தெரியுமா? லத்தீன், கிரேக்கப் பொன்மொழிகள், விவிலிய வசனங்கள். எல்லாம் இரவல்தான். அமெரிக்கப் பள்ளிகளில் மாணவர் படங்களோடு வருடாவருடம் அச்சிடும் இயர்புக்கிலும் பலர் "கோடை விடுமுறை இனிதாகட்டும்" என்று ஒரே வரியைத்தான் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். பிரியும்போது மனசில் இருப்பதைச் சொல்லச் சொல் கிடைக்காமல் ஊர்ச்சொல்லை வாங்கிச் சொல்வது எங்கும் இருக்கிறது. கல்யாண வீட்டில் "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு" என்று எல்லோரும்தான் சொல்கிறோம். அதில் ஒருவருக்குமே மனசு இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

ஆகவே நட்பு எவ்வளவு இருந்தது என்று அந்த வரிகளை வைத்து அளக்காதீர்கள். அதற்குக் கீழே பாருங்கள். கடைசி மூன்று நான்கு வரி முகவரியாக இருக்கும். என் அனுபவத்தில் அந்தப் பெண் தானாக யோசித்து, தானாக எழுதிய பகுதி அதுதான்.

நோட்டை எடுத்து நிதானமாக அதை மட்டும் படித்துப் பாருங்கள். "த/பெ" போட்டு அப்பா பேர் இருக்கும். கதவு எண் இல்லாத ஊரானால் "பிள்ளையார் கோயில் பின்புறம்", "ரைஸ்மில் எதிரில்" என்று இருக்கும். பிறகு அஞ்சல், வழி, தாலுகா. 1996 என்பதால் அநேகமாக "நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்" என்று எழுதியிருப்பார்கள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் என்றால் "சிதம்பரனார் மாவட்டம்". 1997-இல் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பேரை அரசு எடுத்துவிட்டது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கட்டபொம்மன் பஸ்ஸில் வந்து படித்த கடைசி செட்டுகளில் ஒன்று உங்களுடையது. கடையநல்லூர்ப் பக்கத்தில் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான் படித்த காலத்தில் அது திருநெல்வேலி மாவட்டம், உங்கள் நோட்டில் நெல்லை கட்டபொம்மன், மறுபடி திருநெல்வேலி, 2019-க்குப் பிறகு தென்காசி. வீடு நின்ற இடத்திலேயே நிற்கிறது. 627 என்று தொடங்கும் பின்கோடும் அப்படியே இருக்கிறது.

சிலர் தொலைபேசி எண் எழுதி, பக்கத்தில் "பி.பி." என்று போட்டிருப்பார்கள். இப்போதைய பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. அந்த போன் அவள் வீட்டில் இல்லை, பக்கத்து வீட்டிலோ தெருமுனை மளிகைக் கடையிலோ இருந்தது. நீங்கள் கூப்பிட்டால் அவர்கள் ஒரு பையனை அனுப்பிக் கூட்டிவரச் செய்ய வேண்டும். அந்த எண்ணை உங்களிடம் தர, கடைக்காரரிடமோ பக்கத்து வீட்டு மாமியிடமோ அவள் போய் அனுமதி கேட்டிருப்பாள், அல்லது திட்டு வாங்கத் தயாராகத்தான் எழுதியிருப்பாள். "உயிர் உள்ளவரை" என்பதைவிட அந்த "பி.பி." எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தேதியையும் விட்டுவிடாதீர்கள். சிலர் நேரமும் போட்டிருப்பார்கள். இரவு 10.40 என்று இருந்தால், வீடு உறங்கிய பிறகு உங்களுக்காக விழித்திருந்து எழுதினாள் என்று அர்த்தம். என் மாணவி ஒருத்தி தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள், ஒரு பக்கத்தில் மெழுகுவர்த்தி சொட்டிக் கட்டியாகி இருந்தது. அன்று கரண்ட் இல்லை என்று அதற்குப் பக்கத்திலேயே எழுதி மன்னிப்புக் கேட்டிருந்தாள் எழுதிய பெண். மூலையை முக்கோணமாக மடித்து, மேலே "திறக்காதே" என்று எழுதிய பக்கங்களும் இருக்கும். திறந்தால் உள்ளே "சொன்ன பேச்சைக் கேட்காத கழுதை". அது நெருக்கமானவளிடம் மட்டும் செய்கிற வேலை, எல்லார் நோட்டிலும் செய்யமாட்டார்கள்.

ஆண் பிள்ளைகளும் சேர்ந்து படித்த பள்ளி என்றால் இன்னொன்றும் கண்ணில் படும். பையன்கள் பலர் "வாழ்த்துகள்" என்று ஒரு சொல்லும் கையெழுத்தும் மட்டும் போட்டு, முகவரி எழுதாமல் விட்டிருப்பார்கள். அதை அலட்சியம் என்று நினைக்காதீர்கள். உங்கள் அண்ணனோ அப்பாவோ நோட்டைப் புரட்டுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சரி, இவ்வளவு அக்கறையாக முகவரி எழுதியவர்கள் ஏன் காணாமல் போனார்கள்? இதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

அந்த முகவரி எதுவுமே அவளுடையது இல்லை. எல்லாம் அவள் அப்பாவுடையது. ரிசல்ட் வந்த அந்த வருடமோ, மூன்று வருடம் கழித்தோ கல்யாணம் ஆகி அவள் வேறு ஊருக்குப் போனாள். நீங்களும் போனீர்கள். பழைய முகவரிக்கு வந்த கடிதம் ஒரு மாதம் அலமாரியில் கிடந்து, யாராவது அந்தப் பக்கம் போகும்போது கைமாறியிருக்கும். புகுந்த வீட்டுக்கு நேராக வந்த கடிதத்தை அவளுக்கு முன்னால் வேறு யாராவது பிரித்திருப்பார்கள். "யார் இது, என்ன எழுதியிருக்கா?" என்று ஒருமுறை கேட்டாலே போதும், இருபது வயசுப் பெண் பதில் எழுதத் தயங்குவாள். அப்புறம் இனிஷியல் மாறியது. அப்பா பேரின் முதல் எழுத்தோடு நீங்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்த பேர் ரேஷன் கார்டில் வேறாகிவிட்டது. உங்கள் வயசுப் பையன்களில் பாதிப் பேர் இன்றும் வாட்ஸ்அப் குழுவில் ஒன்றாக இருப்பார்கள், பாருங்கள். அவர்கள் நட்பு உங்கள் நட்பைவிடக் கெட்டியானது என்பதால் இல்லை. அவர்கள் பேரும் ஊரும் மாறவில்லை, அவ்வளவுதான். என் மாணவிகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இது ஆற்றாமையாக இருக்கும். மறந்தது அவர்கள் இல்லை. தொடர்பு வைத்துக்கொள்ளும் வழியை அவர்கள் கையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டோம்.

மறதியைப் பற்றி ஒரு தகவல். 1975-இல் அமெரிக்காவில் ஹாரி பாரிக் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 392 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அவரவர் படித்த பள்ளியின் பழைய இயர்புக்கிலிருந்து படங்களை எடுத்து, வேறு பள்ளிப் படங்களோடு கலந்து காட்டினார்கள். பள்ளி முடித்து 35 வருடம் ஆனவர்கள்கூட, உடன் படித்தவர் முகத்தைப் பத்தில் ஒன்பது முறை சரியாக அடையாளம் காட்டினார்கள். அதே ஆட்களிடம் முகத்தைக் காட்டிப் பேரைச் சொல்லுங்கள் என்றபோது தடுமாறினார்கள். முகம் தங்கிவிடுகிறது, பேர்தான் நழுவுகிறது. உங்கள் ஆறு பேரில் ஒருத்தி உங்களை பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் நின்றுவிடுவாள். பேர் நாக்கு நுனியில் நிற்கும், வராது. அதை மறதி என்று நான் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இனி தேடுவது பற்றி. தேடுங்கள் என்றுதான் சொல்வேன். 2022-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 5,900 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய பல சோதனைகளில் ஒன்றே திரும்பத் திரும்பத் தெரிந்தது. நாம் எதிர்பாராமல் ஒருவரை விசாரித்தால் அவருக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை நாம் எப்போதுமே குறைத்துத்தான் மதிப்பிடுகிறோம். எதிர்பாராமல் வருவதால்தான் அந்தச் சந்தோஷம் கூடுகிறதாம். ஆய்வு சொல்லாவிட்டாலும் நம் ஊரில் இது தெரிந்ததுதான். சொல்லாமல் வந்து நிற்கும் விருந்தாளிக்கு அவசரமாக உளுந்து ஊறப்போடுகிற கைகள் நம்முடையவை.

பேஸ்புக்கில் அவள் பேரைப் போட்டுத் தேடாதீர்கள், பெரும்பாலும் கிடைக்காது. கணவர் பேர் பின்னால் சேர்ந்திருக்கும், படம் இருக்கிற இடத்தில் பிள்ளையோ முருகனோ இருப்பார். அவளுடைய அண்ணன் தம்பி பேர் ஞாபகம் இருந்தால் அதைத் தேடுங்கள். பழைய இனிஷியல் அவர்களிடம்தான் இருக்கிறது. அதைவிட நல்ல வழி ஊர்த் திருவிழாவான கோயில் கொடை. நம் பக்கத்தில் கொடைக்குப் பிறந்த வீட்டுக்கு வராத பெண் குறைவு. நோட்டில் இருக்கும் ஊரில் எந்தக் கோயில், எந்த மாதம் கொடை என்று விசாரியுங்கள். அந்த ஊரில் ஒரு டீக்கடையில் அவள் அப்பா பேரைச் சொன்னால் போதும். இன்னொரு வழி எளிது. போஸ்ட் கார்டு ஒன்று வாங்கி, நோட்டில் இருக்கிற அதே முகவரிக்கு, அப்பா பேரோடு எழுதிப் போடுங்கள். என் மாணவி ஒருத்தி இருபத்திரண்டு வருடம் கழித்து அப்படிப் போட்டாள். அந்த வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. ஆனால் தபால்காரர் ஊர்க்காரர், அவருக்குக் குடும்பத்தைத் தெரியும். கார்டு இரண்டு தெரு தள்ளி இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போய், ஒன்பதாம் நாள் போன் வந்தது.

கிடைத்ததும் ஒன்று செய்யாதீர்கள். "நான் யாருன்னு கண்டுபிடி பார்க்கலாம்" என்று ஆரம்பிக்காதீர்கள். மேலே சொன்னேனே, பேர் வராது. அவள் சங்கடப்படுவாள். உங்கள் பேர், பழைய இனிஷியல், எந்தப் பிரிவு, எத்தனாவது பெஞ்ச் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பிறகு அவள் எழுதிய பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். அவள் பக்கத்தை மட்டும், அவளுக்கு மட்டும். முழு நோட்டையும் வகுப்புக் குழுவில் போடுவதை நான் பலமாக மறுப்பேன். அதில் யார் யாரைக் கேலி செய்தார்கள், யார் பேரோடு யார் பேரைச் சேர்த்து எழுதினார்கள் எல்லாம் இருக்கும். பதினேழு வயசுப் பெண் உங்களை நம்பி எழுதியது அது. இன்று தன் போனை மருமகள் எடுத்துப் பார்க்கும் வயசில் அவள் இருக்கிறாள்.

சிலர் ஒட்டமாட்டார்கள். "நல்லா இருக்கியா, பிள்ளைங்க என்ன பண்றாங்க" என்பதோடு முடியும். அதற்காக வருந்தாதீர்கள், அவளுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க ஏதோ தடை இருக்கும். சிலர் எடுத்த எடுப்பில் சண்டை போடுவார்கள், "இத்தனை வருஷம் எங்கடி போன?" என்று. அது நல்ல அறிகுறி. வள்ளுவர் நட்புக்கு ஓர் அதிகாரம் வைத்துவிட்டு, பழைமை என்று 81-ஆம் அதிகாரத்தைத் தனியாக வைத்தார். பழைய நண்பர் உரிமையோடு செய்வதைப் பொறுத்துக்கொள்வதைத்தான் அதில் திரும்பத் திரும்பச் சொல்கிறார். வகுப்பில் அதை நடத்தும்போது எனக்கே பாதிதான் புரிந்திருந்தது.

இன்னொன்றுக்கும் மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். 41 பேரில் எல்லோரும் இருக்கமாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் அப்படித்தான் தேடிப் போனாள். தோழி இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. தோழியின் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். இவள் தோழி எழுதிய பச்சை நிறப் பக்கத்தை நோட்டிலிருந்து பிளேடால் பதமாக எடுத்து, அந்த மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தப் பெண் வரிகளைப் படிக்கவே இல்லையாம். கையெழுத்தின் மேல் விரலை வைத்து, "அம்மா 'ழ' இப்படித்தான் போடுவாங்க, கீழ இழுத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். அவளிடம் அம்மா எழுதியது என்று மளிகை லிஸ்ட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை.

நோட்டைப் பத்திரப்படுத்துவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். லேமினேட் செய்யாதீர்கள். பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது ஓரளவு நிற்கும், ஸ்கெட்ச் பேனாவில் எழுதியது வெளிச்சம் பட்டால் வெளிறிவிடும், அதனால் அந்தப் பக்கங்களை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். துருப்பிடித்த பின் இருந்தால் மெதுவாக எடுத்துவிட்டு நூலால் தைத்துவிடுங்கள். பரணில் மறுபடி வைக்காதீர்கள், ராமபாணப் பூச்சி அரித்துவிடும். துணி பீரோவில் வைத்தால் போதும்.

என் நோட்டும் இருக்கிறது. 1981 மார்ச், ப்ளஸ் டூ வந்து இரண்டாவது செட் நாங்கள். ரோஸ், மஞ்சள், நீலம் என்று தாள் மாறி மாறி வரும் நோட்டு, அட்டையில் இரண்டு கிளி. அதில் ஒரு மஞ்சள் பக்கத்தின் தலைப்பில் பென்சிலால் ஒரு பேர் மட்டும் எழுதியிருக்கிறேன். என் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவளுக்காக ஒதுக்கிய பக்கம். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவர்கள் நாங்கள். நோட்டை நீட்டியபோதெல்லாம், "நமக்குள்ள எதுக்குடி, மத்தவங்ககிட்ட வாங்கு" என்று தள்ளிவிட்டாள். கடைசித் தேர்வன்று எல்லோரும் சட்டையிலும் தாவணியிலும் இங்க் அடித்துக்கொண்டு ஓடினோம், நோட்டு பையிலேயே இருந்துவிட்டது. முகவரியும் இல்லை. அவள் வீடு எங்கே என்று எனக்குத் தெரியுமே, எழுதி வாங்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த வருடம் அவர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

உங்கள் நோட்டிலும் அப்படி ஒருத்தி விட்டுப்போயிருக்கிறாளா என்று பாருங்கள். உயிர் உள்ளவரை என்று எழுதிய ஆறு பேரைத் தேடுமுன், எழுதாத அந்த ஒருத்தியைத் தேடுங்கள்.

என்னுடையவளை 2011-இல் ஒரு கொடையில் பார்த்தேன். சர்க்கரைப் பொங்கல் வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்தாள். அதற்குப் பிறகு வருடத்துக்கு நாலு தடவையாவது வருகிறாள், வந்தால் அடுக்களையில் உட்கார்ந்து கடைசி பஸ் வரைக்கும் பேசிக்கொண்டிருப்போம். நோட்டு பீரோவில் இருக்கிறது. அவளிடம் எடுத்து நீட்ட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன், அவள் போன பிறகுதான் ஞாபகம் வருகிறது.